இரண்டு ஆண்டுகள் எதற்கு? கொங்கு மண்ணில் சைபர் பாதுகாப்பு மேற்படிப்பு

(கோவையில் மாணவர்களும் பெற்றோரும் தொழில்துறையினரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சைபர் செக்யூரிட்டியில் எம்.டெக். படிக்கலாமா, எம்.எஸ்சி. படிக்கலாமா, படித்தால் என்ன கிடைக்கும் என்று பேசச் சொல்லி அழைத்தார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீக்கிரம் ஒரு வேலை வேண்டும் என்பது மட்டும் உங்கள் தேவையானால், இதற்கு மேற்படிப்பு வேண்டியதில்லை. ஐ.டி. நிறுவனங்களின் கண்காணிப்பு மையங்களில் மூன்று ஷிப்டாக உட்கார்ந்து, திரையில் வந்து விழுகிற எச்சரிக்கைகளைப் பிரித்துப் பார்க்கிற வேலைக்கு ஒரு இளங்கலைப் பட்டம், நெட்வொர்க்கிலும் லினக்ஸிலும் கைப்பழக்கம், ஒரு சான்றிதழ் போதும். ஓஎஸ்சிபி என்றொரு தேர்வு இருக்கிறது. ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க உட்காரவைத்து, கொடுத்த கணினிகளுக்குள் நுழைந்து காட்டச் சொல்வார்கள். அதில் தேறியவரைப் பட்டம் பாராமல் எடுத்துக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. தோட்டத்தை அடமானம் வைத்து இரண்டு வருடம் படித்துவிட்டு அதே நாற்காலியில் போய் உட்காருவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் இரண்டு ஆண்டுகள் எதற்கு? ஒரே ஒரு கேள்வியோடு உட்காருவதற்கு. ஆசிரியருக்கும் விடை தெரியாத கேள்வியாக அது இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கேள்விகள் பெங்களூருவிலும் அமெரிக்காவிலும்தான் கிடைக்கும் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். இந்த மண்டபத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் எத்தனையோ கிடக்கின்றன. இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

சேர்க்கை விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாளையாறு எல்லைக்குப் போகும் வழியில் எட்டிமடையில் இருக்கும் அமிர்தா பல்கலைக்கழகத்தில் சைபர் பாதுகாப்புக்கென்றே ஒரு மையமும் எம்.டெக். படிப்பும் இருக்கின்றன. மத்திய அரசின் டைஃபாக் அமைப்பு அந்த மையத்துக்கு ஆதரவு தந்தது. நாடு முழுவதும் இந்தப் பெயரில் படிப்புகள் பெருகும் முன்பே அது தொடங்கிவிட்டது. பீளமேட்டில் 1951 முதல் இயங்கும் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில், பிளஸ் டூ முடித்ததும் சேர்கிற ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. இருக்கிறது. அதைக் கணிதத் துறை சார்ந்து நடத்துகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஏன் என்று சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். கேட் தேர்வில் தகுதி பெற்று, அங்கீகாரம் உள்ள கல்லூரியில் முழுநேர எம்.இ. அல்லது எம்.டெக். சேர்கிறவருக்கு ஏஐசிடிஇ மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை தருகிறது. கேட் எழுதாதவர்கள் மாநிலத்தின் சீட்டா தேர்வு வழியாக வரலாம். என்னைக் கேட்டால் கேட் எழுதுங்கள். பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அதற்காகப் படிக்கிற தனிநிலைக் கணிதமும் இயங்குதளமும் நெட்வொர்க்கும்தான் இந்தத் துறையின் அடித்தளம்.

இப்போது கணிதத்துக்கு வருகிறேன். சீனிவாச ராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் என்றாலும் பிறந்தது நம் காவிரிக் கரை. 1916ல் அவர் ஒரு கட்டுரையில் ஓர் எண்தொடரைப் பற்றி ஒரு கணிப்பை எழுதிவைத்தார். அது உண்மை என்று பெல்ஜியத்தைச் சேர்ந்த தெலீன் நிறுவியது 1974ல். அந்தக் கணிப்பின் பலத்தில் லுபாட்ஸ்கி, ஃபிலிப்ஸ், சார்நாக் என்ற மூவர் 1988ல் ஒருவகை வலைப்பின்னலை உருவாக்கி, அதற்கு ராமானுஜன் வரைபடம் என்றே பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் சில இணைப்புகள்தான். ஆனாலும் எங்கிருந்து புறப்பட்டாலும் சில அடிகளில் எங்கு வேண்டுமானாலும் போய்ச் சேர்ந்துவிடலாம். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தால், எங்கே தொடங்கினோம் என்ற தடயமே மிஞ்சாது.

ரகசியம் காப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்? நீள்வட்ட வளைகோடுகளைப் புள்ளிகளாக வைத்தால் கிடைக்கிற ஒரு ராமானுஜன் வரைபடத்தில் நடந்து போகும் பாதையையே சாவியாக்கலாம் என்று 2011ல் ஜாவ், டி ஃபெயோ என்ற இருவர் ஒரு முறையை முன்வைத்தார்கள். அது வளர்ந்து சைக் என்ற பெயரில், குவாண்டம் கணினியாலும் உடைக்க முடியாத குறியாக்கத்துக்கான அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தின் போட்டியில் நான்காம் சுற்று வரை போனது. அது 2022 ஜூலை தொடக்கம். அதே மாதக் கடைசியில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கஸ்ட்ரிக், டெக்ரூ இருவரும் அதன் ஒரு வடிவத்தை, கணினிச் செயலியின் ஒரே ஒரு கருவை (கோர்) வைத்து, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உடைத்துக் காட்டினார்கள். உடைத்த கருவி எது தெரியுமா? எர்ன்ஸ்ட் கானி என்ற கணித அறிஞர் 1997ல் எழுதிய ஒரு தேற்றம். குறியாக்கத்தை மனத்தில் வைத்து எழுதியதே அல்ல. பத்தாண்டுகளாக உலகத்து நிபுணர்கள் ஆராய்ந்த ஒரு முறை, வேறொரு கிளையின் பழைய கட்டுரை ஒன்றை ஒழுங்காகப் படித்தவர்களிடம் தோற்றது.

லூவன் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழ்கிற ஊர். நம் ஈரோடே அதைவிடப் பல மடங்கு பெரிது. உங்கள் வங்கிச் செயலியும் வாட்ஸ்அப்பும் இன்று பயன்படுத்துகிற ஏஇஎஸ் குறியாக்கத்தை வடிவமைத்த டாமன், ரைமன் இருவரும் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்றவர்கள்தான். 2001ல் அமெரிக்கா அதைத் தன் தரமாக ஏற்றது. பெரிய தலைநகரமோ பெரிய நிறுவனமோ அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஆழமாகப் படிக்கிற ஒரு துறையும், தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொடுக்கிற ஆசிரியர்களும் இருந்தார்கள். நம்மிடமும் அந்த வித்து இருக்கிறது. பகா எண்ணைத் திட்டவட்டமாகவும் விரைவாகவும் சோதிக்கும் வழியை 2002ல் கான்பூர் ஐஐடியிலிருந்து மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் கயல், சக்சேனா இருவரும் உலகுக்குத் தந்தார்கள். கயலும் சக்சேனாவும் அந்த வருடம்தான் இளங்கலைப் படிப்பை முடித்தவர்கள். பீளமேட்டில் ஒரு படிப்பு கணிதத் துறையோடு சேர்ந்திருப்பதை நான் வரவேற்பது இதனால்தான். கருவிகள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறும். எண் கோட்பாட்டைக் கற்றவர் எந்தக் கருவியையும் திறந்து பார்க்க முடியும்.

கணிதம் ஒரு கால் என்றால் தொழில் இன்னொரு கால். தொழில்துறை நண்பர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "எங்ககிட்ட என்னங்க இருக்குது? ரெண்டு பழைய கம்ப்யூட்டரு, ஒரு டேலி. அத வந்து எவன் எடுக்கப் போறான்?" இதைச் சொல்பவர்கள் நல்ல உழைப்பாளிகள், நாணயமானவர்கள். ஆனால் திருடர்கள் தேடுவது கம்ப்யூட்டரை இல்லை.

திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். பையர் ஒருவர் ஐரோப்பாவில். ஆர்டர் மின்னஞ்சலில், இன்வாய்ஸ் மின்னஞ்சலில், சரக்கு கப்பல் ஏறிய ஆவணமும் மின்னஞ்சலில். திருடன் ஒருவன் இங்கே மெர்ச்சண்டைசரின் கடவுச்சொல்லை எப்படியோ பிடித்துவிடுகிறான். உடனே எதையும் செய்ய மாட்டான். வருகிற கடிதங்களின் நகல் தனக்கும் வரும்படி அமைத்துவிட்டு வாரக்கணக்கில் படிப்பான். யார் யாரை எப்படி அழைக்கிறார்கள், எந்த ஆர்டருக்கு எப்போது பணம் வரும் என்றெல்லாம் அவனுக்குத் தெரியும். ஷிப்மென்ட் போனதும் பையருக்கு ஒரு கடிதம் போகும்: எங்கள் வங்கிக் கணக்கில் தணிக்கை நடக்கிறது, இந்த முறை பணத்தை இந்தப் புதுக் கணக்குக்கு அனுப்புங்கள். முகவரி அசல் போலவே இருக்கும். ஆங்கிலத்தில் எம் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டிப் போட்டிருப்பான். பையர் பணத்தை அனுப்பிவிடுவார். இங்கே நூல்காரருக்கும் சாயப்பட்டறைக்கும் ஜாப் ஒர்க் செய்தவருக்கும் கொடுக்கப் பணம் இருக்காது. ஒரு கடிதத்தால் அந்த வரிசையில் இருக்கிற அத்தனை குடும்பமும் அடிபடும்.

இப்படிப் பணம் போனால் ஒரு நொடிகூடத் தயங்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். வெட்கத்தில் இரண்டு நாள் மறைத்துவைத்தால் பணம் கைமாறிப் போய்விடும்.

வங்கிகளும் இதற்கு விலக்கில்லை. 1904ல் தொடங்கிய கும்பகோணத்துச் சிட்டி யூனியன் வங்கி 2018 பிப்ரவரி 7 அன்று கணக்குகளை ஒத்துப்பார்த்தபோது, தாங்கள் அனுப்பாத மூன்று பணப் பரிமாற்றங்கள் வங்கிகளுக்கிடையிலான ஸ்விஃப்ட் செய்தி வலையமைப்பு வழியாக வெளிநாட்டுக்குப் போயிருந்ததைக் கண்டது. மொத்தம் ஏறத்தாழ 20 லட்சம் டாலர். ஒன்றை உடனே தடுக்க முடிந்தது. ஸ்விஃப்ட் செய்திகளை அச்சடிக்கும் பிரிண்டரை வேலை செய்யாமல் ஆக்கிவிட்டுத்தான் திருடர்கள் கைவரிசையைக் காட்டியிருந்தார்கள். 2016ல் வங்கதேச மத்திய வங்கியில் 8 கோடியே 10 லட்சம் டாலர் போனபோதும் இதே பிரிண்டர் தந்திரம். 2019ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பிரிவுக் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்திருந்தது. அணு உலையை இயக்கும் அமைப்பு தனியாக இருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை. முதல் நாள் இல்லை என்ற செய்தி, மறுநாள், அக்டோபர் 30 அன்று, ஆமாம் என்ற செய்தியாக மாறியது. தமிழ்நாட்டில் நடந்த இந்த இரண்டு நிகழ்வுகளையும் நம் வகுப்பறைகளில் வரிக்கு வரி பாடமாக நடத்த வேண்டும்.

இனி, என் மனத்துக்கு மிக நெருக்கமான விஷயம். நொய்யல்.

சாயக் கழிவால் அந்த ஆறு பட்ட பாடும், ஒரத்துப்பாளையம் அணை நீர் விவசாயத்துக்கு ஆகாமல் போனதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதற்குப் பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்பு இருந்தால்தான் பட்டறை ஓடும் என்ற நிலை வந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வுகளும் ஆவியாக்கிகளும் இரவு பகலாக ஓடுகின்றன. 2014ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதிக மாசு தரும் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் உணர்கருவிகளை வைத்து, அளவுகளை இணையம் வழியாக நேரடியாக வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்றது. நீரின் அமிலத்தன்மை, கலந்திருக்கும் திடப்பொருள், வேதி ஆக்ஸிஜன் தேவை, ஓட்டத்தின் அளவு எல்லாம் எண்களாகப் போகின்றன.

அந்த எண் உண்மையானதுதானா? இது சைபர் பாதுகாப்புக் கேள்வி என்று பலருக்குத் தோன்றுவதில்லை. எனக்கு இதைவிட முக்கியமான கேள்வி கொங்கு நாட்டில் இல்லை.

எண் போகும் வழியைப் பாருங்கள். உணர்கருவி குழாயருகில் இருக்கிறது. அதிலிருந்து கம்பி வழியாக ஒரு பதிவுப் பெட்டிக்குப் போகிறது. இந்தக் கம்பியில் பல இடங்களில் பேசப்படுகிற மொழி மோட்பஸ், 1979ல் மோடிகான் நிறுவனம் உருவாக்கியது. அதில் கடவுச்சொல் கிடையாது, கையொப்பம் கிடையாது. யார் கட்டளை கொடுத்தாலும் கருவி கேட்கும். அந்தக் காலத்தில் அது தவறில்லை, கம்பி தொழிற்சாலை மதிலுக்குள்தான் இருந்தது. பதிவுப் பெட்டியிலிருந்து சிம் கார்டு வழியாக எண் வெளியே போகிறது. கருவியைப் பராமரிக்கிற நிறுவனம் தொலைவிலிருந்து உள்ளே வர ஒரு வழி வைத்திருக்கும். பெட்டியின் கடிகாரத்தை மாற்றினால் என்ன ஆகும்? நேற்றைய நல்ல எண்களைப் பதிவு செய்து இன்று திரும்ப அனுப்பினால்? 2010ல் வெளிவந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல் ஈரானின் நடான்ஸ் அணு மையத்தில் செய்தது இதைத்தான். இயந்திரங்கள் உடைந்துகொண்டிருந்தபோது, முன்பே பதிவு செய்துவைத்த சீரான அளவுகளை அது திரையில் காட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவின் மரூச்சி பகுதியில் 2000ல், சாக்கடை நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பொருத்திய நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்த ஒருவர், ரேடியோ கருவியைக் காரில் வைத்துக்கொண்டு பம்புகளுக்குப் பொய்க் கட்டளை கொடுத்தார். ஏறத்தாழ 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் ஓடைகளிலும் பூங்காக்களிலும் பாய்ந்தது. அவருக்கு இரண்டு ஆண்டுச் சிறை.

இதைத் தடுக்க ஒரு மாணவர் என்ன செய்யலாம்? உணர்கருவியிலேயே ஒவ்வொரு அளவுக்கும் கையொப்பம் இடலாம். ஒவ்வொரு பதிவையும் முந்தைய பதிவோடு குறியாக்கத்தால் பிணைக்கலாம். ஆனால் உணர்கருவியையே நல்ல தண்ணீர் வாளியில் முக்கி வைத்துவிட்டால் கையொப்பமும் பொய்க்குத் துணை போகும். அங்கேதான் விஷயம் சுவையாகிறது. உள்ளே வந்த நீர், மீட்ட நீர், ஆவியான நீர், மிஞ்சிய உப்பு எல்லாம் கணக்கில் ஒத்துப்போக வேண்டும். சவ்வு பம்புகள் எடுக்கிற மின்சாரமும் ஓட்டத்தின் அளவும் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்க வேண்டும். ஒரு கருவி பொய் சொன்னாலும் இயற்பியல் காட்டிக்கொடுக்கும். வேதியியல், மின்பொறியியல், குறியாக்கம், புள்ளியியல் நான்கும் சேர்ந்த ஆய்வு இது. ஒரு செமஸ்டரில் முடியாது. இரண்டு ஆண்டு வேண்டும்.

சிங்கப்பூரின் தொழில்நுட்ப வடிவமைப்புப் பல்கலைக்கழகம் 2015ல் ஆறு கட்டங்கள் கொண்ட ஒரு சிறிய குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை ஆய்வுக்கென்றே கட்டியது. அதை 11 நாள் ஓட்டி, இடையில் தாக்குதல்களும் நடத்தி, எண்களை ஆய்வாளர்களுக்குக் கொடுத்தது. உலகெங்கும் ஆய்வுக் கட்டுரைகள் அந்த எண்களை வைத்து எழுதப்படுகின்றன, நம் மாணவர்களின் திட்ட அறிக்கைகளும்தான். சிங்கப்பூர் செய்தது பாராட்டத்தக்கது. ஆனால் அது குடிநீர். சாயநீரில் உப்பு உண்டு, நிறம் உண்டு, திங்கட்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் வேறு ஓட்டம் உண்டு, தொழிலாளர்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போனால் முற்றிலும் வேறு. உண்மையான நிலையங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் ஏன் மாதிரி நிலையத்தின் எண்களோடு நிற்க வேண்டும்? பல்லடம் சாலையிலிருந்தோ பெருந்துறையிலிருந்தோ வருகிற ஒரு மாணவிக்கு அந்தத் தண்ணீரின் வாசனை தெரியும். அந்த அறிவும் ஆய்வுத் தகுதிதான்.

மில்களுக்கும் இதே கேள்வி பொருந்தும். நூற்பாலை இயந்திரங்களும் வார்ப்படப் பட்டறையின் உலைகளும் பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கணினியில் ஓடுகின்றன. 2019 மார்ச்சில் நார்வேயின் அலுமினிய நிறுவனமான நோர்ஸ்க் ஹைட்ரோவை ஒரு பணயத்தீநிரல் (ரேன்சம்வேர்) முடக்கியது. அப்போது 35,000 பேர் வேலை செய்த நிறுவனம். அவர்கள் பணம் கொடுக்க மறுத்து, நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, காகிதத்தில் எழுதி, கையால் இயக்கி உற்பத்தியைக் காப்பாற்றினார்கள். கையால் இயக்கத் தெரிந்த மனிதர்கள் அங்கே இன்னும் இருந்தார்கள். நம் ஊர் மூத்த ஃபிட்டர்களையும் மேஸ்திரிகளையும் நான் இந்தப் பாடத்தின் ஆசிரியர்களாகவே பார்க்கிறேன். ஆய்வு மாணவர் அவர்கள் பக்கத்தில் ஒரு மாதம் நிற்க வேண்டும். இயந்திரம் எப்போது இயல்பாக இல்லை என்று அவர்கள் காதாலேயே சொல்வார்கள்.

தொழிலாளர் என்றதும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும், நம் தென் மாவட்டங்களிலிருந்தும் வந்து மில் விடுதிகளில் தங்கியிருக்கிற பிள்ளைகளின் ஆதார் நகல், வங்கிக் கணக்கு, கைரேகை, மருத்துவச் சீட்டு எல்லாம் ஒரு எக்ஸெல் கோப்பில், கடவுச்சொல் இல்லாத கணினியில், ஒப்பந்ததாரரின் கைப்பேசியில் கிடப்பதைப் பார்க்கிறோம். அவர்களில் ஒரு பெண்ணின் ஆதார் எண்ணை வைத்து யாரோ கடன் வாங்கினால் அவள் யாரிடம் போய் முறையிடுவாள்? 2023ல் வந்த தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவை வைத்திருப்பவர்தான் அதைக் காக்கவும் வேண்டும் என்கிறது. தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, கட்டம் கட்டமாக அமலுக்கு வருகின்றன. வேலை தொடர்பான சில பயன்பாடுகளுக்குத் தனியாகச் சம்மதம் வாங்கத் தேவையில்லை என்று சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் காக்கும் கடமையிலிருந்து அது யாரையும் விடுவிக்கவில்லை. 20 கணினி உள்ள ஒரு பனியன் கம்பெனிக்குக் கட்டுப்படியாகும் செலவில் இதை எப்படிச் செய்வது? பெரிய நிறுவனங்களுக்கான விடை சந்தையில் விலைக்குக் கிடைக்கிறது. சிறிய கம்பெனிக்கான விடையை யாரோ உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டும்.

சட்டம் படிக்காமல் இந்தத் துறையில் எம்.டெக். வாங்குவது அரைகுறை. ஒரு எடுத்துக்காட்டு போதும். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன் 63ஆம் பிரிவின்படி மின்னணுச் சாட்சியத்தோடு ஒரு சான்று வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பை அதில் எழுத வேண்டும், ஒரு பகுதியில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் மாறிவிடும் எண்தான் ஹாஷ். அந்தப் படிவத்தில் எந்த முறையில் கணக்கிட்டீர்கள் என்று தேர்வுசெய்யும் இடத்தில் எம்டி5, ஷா1, ஷா256 என்று இருக்கின்றன. எம்டி5ல் ஒரே ஹாஷ் வருகிற இரண்டு வெவ்வேறு கோப்புகளை 2004ல் வாங் சியாயூன் குழுவினர் உருவாக்கிக் காட்டினார்கள். ஷா1க்கு அதை 2017ல் கூகுளும் ஆம்ஸ்டர்டாம் ஆய்வு மையமும் செய்தன. அப்படியானால் எம்டி5 எழுதிய சான்று செல்லாதா? அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது. இரண்டு கோப்புகளையும் நானே உருவாக்கி ஒரே ஹாஷ் வரவைப்பது வேறு. ஏற்கெனவே போலீஸ் கையில் இருக்கும் கோப்புக்கு இணையான இன்னொன்றை உருவாக்குவது வேறு, அது இன்னும் மிகக் கடினம். இந்த வேறுபாட்டை நீதிமன்றத்தில் நின்று, நீதிபதிக்குப் புரிகிற தமிழில் சொல்லத் தெரிந்தவர் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தேவை. தாராபுரத்திலும் கோபியிலும் நடக்கிற வழக்குக்குச் சென்னையிலிருந்தா ஆள் வர வேண்டும்?

கண்ணுகளா, ஒரு எச்சரிக்கை. பக்கத்து மில்லின் வலைத்தளத்தில் ஓட்டை இருக்கிறதா என்று நல்லெண்ணத்தில் தட்டிப் பார்க்காதீர்கள். அனுமதியில்லாமல் நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் இழப்பீடு கட்ட நேரலாம்; நேர்மையற்ற நோக்கம் என்று முடிவானால் 66ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். எந்தக் கணினி, எந்தத் தேதி, எந்தச் சோதனை என்று எழுதி, உரிமையாளரின் கையெழுத்தை வாங்கிய பிறகே தொடுங்கள். ஓடுகிற பிஎல்சியைக் கையெழுத்து இருந்தாலும் நேரடியாகச் சோதிக்காதீர்கள். அலுவலகக் கணினி தாங்குகிற ஒரு ஸ்கேனில் பழைய கட்டுப்பாட்டுக் கருவி நின்றுவிடலாம். கொதிகலன் ஓடிக்கொண்டிருக்கும்போது அது நின்றால் மனிதர்கள் அடிபடுவார்கள்.

பெற்றோருக்கு ஒன்று. கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தையும் வேலைவாய்ப்பு விளம்பரத்தையும் பார்ப்பதோடு, மூன்று வருடத்துத் திட்ட அறிக்கைகளைக் காட்டச் சொல்லுங்கள். தலைப்புகளைப் படியுங்கள். எல்லாம் இணையத்தில் இறக்கிய ஒரே தரவில் ஒரே கணக்கைப் போட்டவையாக இருந்தால், வீட்டுக்கு வந்து யோசியுங்கள். பாடம் நடத்துகிறவர் கடைசியாக என்ன ஆய்வு செய்தார் என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

தொழில்துறை நண்பர்களே, உங்களிடம் இரண்டு கோரிக்கை. சைபர் தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28ல் உத்தரவு வந்தது. பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும் அது சொல்கிறது. சிறு, குறு நிறுவனங்களுக்கு அந்த ஆண்டு செப்டம்பர் 25 வரை அவகாசம் தந்தார்கள். அது எப்போதோ முடிந்துவிட்டது. இதைச் செய்ய உங்களிடம் ஆள் இருக்கிறாரா என்று நாளைக் காலை பாருங்கள். இல்லையென்றால், எம்.டெக். படிக்கிற ஒரு மாணவரை முறையான ஒப்பந்தத்தோடு ஓராண்டு உள்ளே விடுங்கள். நீங்கள் மறைக்க வேண்டியதை மறைத்து, மீதியை அவர் ஆய்வில் எழுத அனுமதியுங்கள்.

இரண்டாவது, செலவில்லாதது. மில்லை நவீனப்படுத்தும்போது பழைய கட்டுப்பாட்டுப் பலகைகளையும், பிஎல்சி, டிரைவ், பதிவுப் பெட்டிகளையும் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுகிறீர்கள். அவற்றைப் போடாதீர்கள். வயரிங் வரைபடத்தோடு, முடிந்தால் அவற்றை ஓட்டிய எலக்ட்ரீசியனையும் அரை நாள் சேர்த்து, பக்கத்துக் கல்லூரிக்கு அனுப்புங்கள். சோதனைக்கூடத்தில் இவற்றை உடைத்துப் பார்த்தால் யாருக்கும் நட்டமில்லை. அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூரிலிருந்து சில பலகைகள் வந்துவிட்டால் சோதனைக்கூடத்தைத் தொடங்கிவிடலாம். கொடுக்க விருப்பமுள்ளவர்கள் இந்தக் கூட்டம் கலைவதற்குள் மேடைக்கு வந்து என்னிடம் சொல்லுங்கள். எடுத்துப்போக வண்டி ஏற்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.